காணிக்கு உறுதி உண்டு. காலுக்கு என்ன உண்டு?

அரைப் பரப்புக் காணியை வாங்கினாலும் நம் கமக்காரன் உறுதி எழுதாமல் விடமாட்டான். நான்கு எல்லையும் குறிக்கப்படும். நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகள் ஒப்பமிடுவர். காணிக் கந்தோரிலே அது பதியப்படும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலே தன் முப்பாட்டன் பெயர் இருந்ததென்று பெருமை பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மாட்டுக்குக் குறி உண்டு. மோட்டார் வண்டிக்கு இலக்கத் தகடு உண்டு. வாக்குக்கு இடாப்பு உண்டு.

ஆனால், அதே கமக்காரனின் முழங்காலை அறுத்து, தேய்ந்தழிந்த எலும்பை நீக்கி, அந்நிய நாட்டுத் தொழிற்சாலையொன்றில் வார்க்கப்பட்ட உலோக மூட்டை உள்ளே பொருத்தி அவனை வீட்டுக்கு அனுப்புகின்றபோது, அந்த மூட்டின் பெயரென்ன, அதனைச் செய்தவர் யார், எந்தத் தொகுதியில் வந்தது என்பனவற்றை அவன் கையில் எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர்? நாடு முழுவதற்கும் பொதுவான ஏடொன்றில் அதனைப் பதிந்து, ஐந்தாண்டு சென்றபின் "அந்த மூட்டு எப்படி இருக்கின்றது?" என்று கேட்கக் கடமைப்பட்டவர் யார்? வெளியே கிடக்கும் மண்ணுக்குள்ள காவல், உடலுக்குள்ளே கிடக்கும் உலோகத்துக்கு வேண்டாமா? இதுவே நம் கேள்வி.

மூட்டுச் சத்திரசிகிச்சை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவன் மூடன். வாதத்தாலும் தேய்வாலும் நடக்கமுடியாது கிடந்தவர்களை எழுந்து நடக்கச் செய்த கலை அது. எலும்பிலே கட்டி வந்தால் காலையே வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை என்றிருந்த நிலையை மாற்றிய கலையும் அதுவே. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களாகிய ஒஸ்டின் மூர், ஹரோல்ட் போல்மன் என்னும் இருவர், கட்டியொன்று தின்றுவிட்ட தொடையெலும்பின் மேற்பாகத்தை அகற்றி, அவ்விடத்தில் கலப்புலோகத் துண்டொன்றைப் பொருத்தினர். நமக்கு அண்மையிலே, சென்னையில், வைத்தியர் மயில்வாகனன் நடராஜன் 1980களின் பிற்பகுதி தொடக்கம் எலும்புக் கட்டி கண்ட நோயாளர்க்கு உள்நாட்டிலேயே செய்த பெரிய உலோக மூட்டுகளைப் பொருத்திக் கால்களைக் காத்தார். காத்ததோடு நில்லாது, எத்தனை நிலைத்தன, எத்தனை பிழைத்தன என்ற கணக்கையும் மருத்துவ உலகின் முன் வைத்தார்.

அந்தக் கணக்கிலேதான் அனைத்தும் அடங்கியிருக்கின்றது. இக்கலையின் பெருமை கத்தியில் இல்லை, கணக்கில் இருக்கின்றது. அதற்குச் சான்று வேண்டுவோர் இந்தக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் ஜோன் சார்ன்லியின் வரலாற்றைப் படிக்கட்டும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் மாகாணத்திலே, முன்னர் சயரோக நிலையமாக இருந்த ரைற்றிங்டன் வைத்தியசாலையில் சார்ன்லி பணியாற்றினார். இடுப்பு மூட்டு என்பது கிண்ணமொன்றிலே உருளும் பந்து போன்றது. பந்தை உருக்காலும் கிண்ணத்தைத் தெப்லோன் என்னும் வழுவழுப்பான பிளாத்திக்காலும் அமைத்து, 1950களின் இறுதி தொடக்கம் ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். நோயாளர் நோவின்றி நடந்தனர், பிறர் வியந்தனர். அத்துடன் அவர் திருப்தியடைந்து வேறு வேலை பார்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அவர் தம் நோயாளரை விடாது அழைத்துப் பார்த்தார். சில ஆண்டுகளிலேயே தெப்லோன் தேய்ந்தது. தேய்ந்த துகள் சுற்றியிருந்த தசையையும் எலும்பையும் கெடுத்தது. அத்துகள் உடலுக்கு என்ன செய்கின்றதென அறியத் தமது தொடையிலேயே அதனைப் புகுத்திச் சோதித்தார் அந்த மனிதர். பிழைத்த மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தாமே திரும்ப அறுத்து எடுத்தார். பின்னர், நெசவு யந்திரப் பற்சில்லுகளுக்கு உபயோகமான ஒருவகைப் பொலித்தீன் அவருடைய ஆய்வுகூடத்துக்கு வந்தது. தேய்வு யந்திரத்திலே அதனைச் சோதித்துத் தெளிந்தபின், 1962 நவம்பரிலே புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். இன்றைய இடுப்பு மூட்டுகளிற் பெரும்பாலானவை அந்த மரபின் வழிவந்தவையே.

அதன் பின்னும் அவர் அவசரப்படவில்லை. ரைற்றிங்டனுக்கு வந்து கற்றுத் தேராத வைத்தியர்களுக்குத் தமது மூட்டை விற்கவிடாது தடுத்தார். தம் பிழையைத் தாமே எண்ணிச் சொன்னவர் அவர், எண்ணியதனாலேயே வென்றார்.

இனி, எண்ண மறுத்தவர்களின் கதையைக் கேளுங்கள்.

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து உருளும் இடுப்பு மூட்டுகள் பெரும் விளம்பரத்துடன் சந்தைக்கு வந்தன. பிளாத்திக்கு தேயும், உலோகம் தேயாது. ஆதலால் இளவயதினருக்கும் உழைப்பவருக்கும் இதுவே ஏற்றது என்றார்கள். அவற்றுள் ஒன்று ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்பது. அதன் கிண்ணம் அரைக் கோளத்திலும் ஆழங் குறைந்தது. சற்றே சரிந்து அமர்ந்தாலும் பந்து விளிம்பிலே உராயும். உராய்ந்தால் கோபால்ட், குரோமியம் என்னும் உலோகங்கள் நுண்துகளாக உதிர்ந்து தசையிலும் இரத்தத்திலும் கலக்கும். சில நோயாளரின் தசை அழுகிற்று. சிலருக்கு மூட்டைச் சுற்றிப் புற்றல்லாத போலிக் கட்டிகள் தோன்றின. கட்டி தின்ற மூட்டை மாற்றப் பிறந்த கலை, கட்டியை உண்டாக்கும் மூட்டை விற்கும் வாணிபமாயிற்று!

இதனை முதலிற் கண்டறிந்தவர் யார்? விற்ற நிறுவனமா? இல்லை. அவுஸ்திரேலியாவின் தேசிய மூட்டு இடாப்பு, இந்த மூட்டின் ஒரு வகை வழக்கத்துக்கு மாறாக விரைந்து பிழைக்கின்றதென்று 2007ஆம் ஆண்டிலேயே எண்ணிச் சொல்லிற்று. இங்கிலாந்தின் வடகிழக்கிலே டோனி நார்கோல், டேவிட் லாங்டன் முதலிய வைத்தியர்கள் தம் நோயாளரை அழைத்துச் சோதித்து எச்சரித்தனர். 2009 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் அந்த மூட்டு கைவிடப்பட்டது. பின்னர், அது பொருத்தப்பட்டோருள் 100க்கு 12, 13 பேர் ஐந்தாண்டுக்குள் மறுபடி கத்தியின் கீழ்ப் படுக்க நேர்ந்ததென இங்கிலாந்தின் இடாப்புக் காட்டியது. பத்தாண்டுக்குள் 100க்கு 5 பேருக்கு மேல் மறுசிகிச்சைக்கு உட்படக்கூடாது என்பதே 2014 தொடக்கம் அந்நாட்டின் அளவுகோல் என்றால், இந்த மூட்டின் தரம் எத்தகையதென்று வாசகர்களே அளந்துகொள்க. 2010 ஓகஸ்டில் அது உலகெங்குமிருந்து மீளப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 மூட்டுகள் உலகிற் பரவிவிட்டன.

மறுசிகிச்சை என்பது சட்டையைக் கழற்றி வேறு சட்டை அணிவது போன்றதன்று. முதல் மூட்டைக் கழற்றும்போது எலும்பும் கூடவே போகும், இரண்டாவது மூட்டு முதலாவதைப் போல் நிலைக்காது, தொற்றும் குருதியிழப்பும் அதிகம், செலவும் அதிகம். உழைத்து உண்பவனுக்கு மேலும் ஓராண்டு உழைப்புப் போயிற்றென்று பொருள்.

அமெரிக்க நோயாளர் நீதிமன்றம் சென்றனர். 2013ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,000 பேருக்கு 250 கோடி டொலர் அளவில் இழப்பீடு வழங்க நிறுவனம் இணங்கியது. அவர்கள் யார், எங்கே இருக்கின்றனர், எந்த மூட்டை உடையர் என்பதற்குச் சான்று இருந்தது. ஆதலால் நீதி கேட்க முடிந்தது.

இப்போது கடலைக் கடந்து நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவிலே இதே மூட்டு ஏறத்தாழ 4,700 சத்திரசிகிச்சைகளிற் பொருத்தப்பட்டது. உலகெங்கும் அது மீளப் பெறப்பட்டது 2010இல். இந்திய அதிகாரிகளின் எச்சரிக்கை வெளிவந்தது 2013 டிசம்பரில். மத்திய சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை வெளிக்கொணர்ந்த செய்தி இது: ஏறத்தாழ 3,600 பேர் எங்கே இருக்கின்றனர் என்பது தெரியாது! இறந்தனரா, இருக்கின்றனரா, நோவுடன் முடங்கிக் கிடக்கின்றனரா, ஏன் நோகின்றதென்று அறியாது எண்ணெய் பூசிக்கொண்டிருக்கின்றனரா — சொல்ல ஆளில்லை. 2018 நவம்பரிலே ஒருவருக்கு 30 இலட்சம் ரூபா முதல் ஒரு கோடியே 23 இலட்சம் ரூபா வரை இழப்பீடு என்று அரசாங்கம் விதித்தது. நல்லது. ஆனால் முகவரியில்லாத மனிதனுக்கு இழப்பீட்டை எந்தத் தபாற்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான்?

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அதே இந்தியா 2017 ஓகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு விலை வரம்பு விதித்துப் புகழ் பெற்றது. சாதாரண மூட்டுக்கு 54,720 ரூபா. எலும்புப் புற்று நோயாளருக்கான சிறப்பு மூட்டுக்கு 1,13,950 ரூபா என்று கட்டளையிட்டது. அதனை நாம் பாராட்டுகின்றோம். ஏழைக்கு மூட்டு எட்டவேண்டும். ஆயினும், விலையைக் கட்டிய கை ஏட்டைத் திறக்கவில்லை. எல்லாச் சத்திரசிகிச்சைகளையும் கட்டாயமாகப் பதியும் இடாப்பு அங்கு இருந்திருந்தால், 3,600 பேர் காற்றிலே கரைந்திருப்பரா? மலிவு வேறு, காவல் வேறு.

இடாப்பு என்பது புதுமையன்று. சுவீடன் தேசம் முழங்கால் மூட்டுகளுக்கு 1975இலும், இடுப்பு மூட்டுகளுக்கு 1979இலும் ஏடு திறந்தது. நோர்வே 1987இல் தொடர்ந்தது. நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் 1990களின் இறுதியிலே தொடங்கின. இங்கிலாந்து சும்மா தொடங்கவில்லை. 1990களிலே ஆயிரக்கணக்கானோர் உடலிலே பொருத்தப்பட்ட கப்பிற்றல் என்னும் மூட்டொன்று பலரிலே பிழைத்து, அவர்களைத் தேடி அலைந்து பட்டறிந்தபின் 2003இல் தொடங்கிற்று. இன்று அவ்வேட்டிலே 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் பதிவாகியுள்ளன.

ஆட்சேபங்கள் எழும். அவற்றையும் கேட்போம்.

"நம் நாடு ஏழை நாடு, இதெல்லாம் செல்வந்த நாடுகளின் அலங்காரம்" என்பர் சிலர். மூட்டு வரும் பெட்டியினுள்ளேயே அதன் பெயரும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் வருகின்றன. ஒன்றை நோயாளியின் குறிப்பேட்டில் ஒட்டு. ஒன்றை நோயாளியிடம் கொடு. ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பு. திகதி, வைத்தியசாலை, வலமா இடமா, முதற் சிகிச்சையா மறுசிகிச்சையா என்பனவற்றை எழுது. இதற்கு வேண்டியது ஓர் எழுதுவினைஞரும் ஒரு கணினியும். செலவென்று கணக்குப் பார்ப்பவர்கள், பிழைத்த மூட்டொன்றை மாற்றும் செலவையும் அக்கணக்கிலே சேர்க்கட்டும். ஏழையால் ஒருமுறை ஏமாறத்தான் முடியும். இரண்டாம் முறைக்குப் பணமிராது. ஆகவே ஏடு செல்வந்தனைவிட ஏழைக்கே முதலில் வேண்டும்.

"நாம் சிறிய நாடு, நம்மால் முடியாது" என்பர் வேறு சிலர். சுவீடன் ஏடு திறந்தபோது அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 83 இலட்சம். நியூசிலாந்து தொடங்கியபோது 40 இலட்சத்துக்கும் குறைவு. இலங்கையின் தொகையோ இரண்டு கோடிக்கு மேல். சிறிய நாட்டுக்கே இது எளிது.

"வைத்தியர்மீது நம்பிக்கையில்லையா?" என்று கோபிப்பர் சிலர். நம் வைத்தியர்களின் திறமையையும் தொண்டையும் நாம் அறிவோம். ஆனால், உலோகத்தின் உட்கலப்பை எந்த வைத்தியரின் கண்ணும் காணாது. ஒருவர் ஓராண்டிலே பொருத்தும் சில மூட்டுகளைக் கொண்டு நல்லது தீயது பிரித்தறிதல் அவர்க்கும் இயலாது. ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்து எண்ணும்போதுதான் உண்மை வெளிப்படும். ஏடு வைத்தியரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. தரங்கெட்ட பொருளை அவர் கையிலே திணிக்கும் வணிகரிடமிருந்து அவரைக் காப்பதற்கே.

"ஏடிருந்த நாடுகளிலும் அந்த மூட்டு விற்கப்பட்டதே" என்பர் கூர்மதியுடையோர். உண்மை. ஏடு மழையை நிறுத்தாது. எங்கே ஒழுகுகின்றதென்று காட்டும். விரைந்து காட்டிற்று, எவரெவர் உடலிலே அது இருந்ததென்பதையும் காட்டிற்று. இங்கிலாந்திலும் தொடக்கத்திலே எல்லாரும் பதியவில்லை. அரச வைத்தியசாலைகளுக்கு அது கட்டாயமானது 2011இலேதான். விருப்பத்துக்கு விட்ட ஏடு ஓட்டைப் பானை. ஆகவேதான் கட்டாயம் என்கின்றோம்.

இன்னும் ஒன்று உண்டு. இதனை அந்நிய நாட்டு ஏடுகள் நமக்கு எழுதித் தரமாட்டா. சுவீடன் தேசத்தான் கதிரையிலே இருந்து உண்கின்றான். நம்மவரோ நிலத்திலே சம்மணமிட்டு உண்கின்றனர். குந்தியிருந்து புகையிலைக்குக் கெட்டு எடுக்கின்றனர். சேற்று வயலிலே குனிந்து நாற்று நடுகின்றனர். கோயில் வீதியிலே விழுந்து வணங்குகின்றனர். குந்துவதும் பாரஞ் சுமப்பதும் முழங்காலைத் தேய்ப்பன என்பது நன்கறிந்த உண்மை. மூட்டை மாற்றியபின் குந்தாதே, சம்மணமிடாதே என்று வைத்தியர் சொல்வார். வயல் வேறுவிதமாகச் சொல்லும். நம் வாழ்வு முறையில் எந்த மூட்டு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்ற கேள்விக்கு நம் மக்களின் கால்களே விடை தரமுடியும். அந்த விடையை எழுதிவைக்க ஏடு இல்லையேல், அந்தக் கால்கள் பட்ட துன்பம் அடுத்த தலைமுறைக்குப் பாடமாகாது வீணே போகும்.

2009 வரை நீடித்த போர் நம்மிடையே விட்டுச்சென்றவர்களையும் நினையுங்கள். எறிகணைச் சிதறலால் இடுப்பும் முழங்காலும் சிதைந்த இளைஞரும் யுவதியரும் இன்று நடுவயதை நெருங்குகின்றனர். எழுபது வயதிலே மூட்டு மாற்றியவருக்கு அது ஆயுள் முழுவதும் போதுமாகலாம். நாற்பது வயதிலே மாற்றுபவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் வேண்டிவரும். தம் உடலுள் முன்னர் வைத்தது எந்த மூட்டு, எந்த அளவு என்று தெரியாத நிலையிலே அவர்கள் இருபது ஆண்டுக்குப் பின் வேறொரு வைத்தியர் முன் போய்ப் படுக்கவேண்டுமா?

இலங்கைக்கு இத்துறையிலே வழிகாட்டுவார் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, மருந்து வாணிபத்தை மக்கள் நலனுக்குக் கீழ்ப்படுத்தலாம் என்பதை உலகத்துக்கே எடுத்துக்காட்டியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளோடு மருத்துவ சாதனங்களையும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ்க் கொண்டுவந்துள்ளது. ஆனால், பொருளைப் பதிவது ஒன்று. அப்பொருள் யார் உடலுள்ளே சென்றதென்பதைப் பதிவது வேறொன்று. துறைமுகத்தோடு முடியும் காவல் அரைக் காவலே.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, அரச வைத்தியசாலையாயினும் தனியார் வைத்தியசாலையாயினும், மாற்றப்படும் ஒவ்வொரு மூட்டும் தேசிய இடாப்பொன்றிலே கட்டாயமாகப் பதியப்படல் வேண்டும். இரண்டாவது, எந்த மூட்டு நிலைத்தது, எது பிழைத்தது என்ற கணக்கு, நோயாளர் பெயரை மறைத்து, மூட்டின் பெயரை மறையாது, ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவரல் வேண்டும். மூன்றாவது, வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளியின் கையிலும், அவர் படிக்கும் மொழியிலே, அந்த மூட்டின் விபரச் சீட்டுக் கொடுக்கப்படல் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டுமென்பதும் இல்லை. வைத்தியர்களே! உங்கள் நோயாளரின் கணக்கை இன்றே தொடங்குங்கள். சார்ன்லிக்கு எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. சட்டத்தரணிகளே! காணி எல்லைக்காக இருபது ஆண்டு வழக்காடும் உங்கள் வல்லமையிலே ஒரு பங்கை இதற்கும் செலவிடுங்கள். ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே! படிப்பறியாத அயலவர் வைத்தியசாலை செல்லும்போது, கேட்கவேண்டிய கேள்விகளைத் தாளிலே எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கமக்காரப் பெருமக்களே! உங்கள் உடலுள் வைக்கும் பொருளின் பெயரைக் கேட்பது அவமரியாதையன்று, உரிமை. தயங்காது கேளுங்கள். எழுதித் தரும் சீட்டைக் கொண்டுவந்து காணி உறுதியோடு ஒரே பெட்டகத்திலே வைத்துப் பூட்டுங்கள். காலிருந்தாற்றான் அந்தக் காணியிலே நீங்கள் நடக்கலாம்.